நோன்பு முடிந்தது

பிறை தெரிந்துவிட்டது என்று உக்கடம் பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் சொன்னதும், ரசாக் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார்.

பக்கத்தில் நின்ற, பாங்கு சொல்லும் மோதினாருக்கு மனசு இளகிப்போனது. "ரமலான் போகுதேன்னு இப்பிடி அழுவறாரு பாருங்க. இவருதானுங்க நோன்பாளி" என்று கட்டிப்பிடித்து முதுகைத் தட்டிக்கொடுத்தார்.

அட ஆண்டவனே, அவருக்கு என்ன தெரியும் ரசாக்கின் பாடு!

போன வருஷம் கேன்சர் என்று பெருங்குடலில் பாதியை வெட்டி எடுத்துவிட்டு மிச்சத்தைச் சேர்த்துத் தைத்தார்கள். உயிர் தப்பியது. ஆனால் அன்றிலிருந்து ஒரு வாய் சோறு உள்ளே போனால் போதும், கக்கூஸுக்கு ஓட வேண்டும். போய்ச் சேர்வதற்குள் ஆகிவிடுவதும் உண்டு. அவருடைய எஸ்.டி.டி. பூத்தில், ஆட்கள் வரிசையில் நிற்கும்போதே ஒருநாள் அப்படி ஆகிப்போனது. அதற்கப்புறம் அந்தப் பக்கமே தலைகாட்டவில்லை.

டாக்டர் வேண்டாமென்று சொல்லியும் கேட்காமல் நோன்பு வைத்தார்.

ராத்திரி சாப்பிட்டு ஓடுவதெல்லாம் வீட்டோடு போயிற்று. பகலெல்லாம் வயிறு காலி. பயமில்லை. பூத்தில் உட்கார்ந்தார், பள்ளியில் முதல் வரிசையில் நின்றார், நாலு பேரோடு வாய்விட்டுச் சிரித்தார். ஒரு மாதம் மனுஷனாக இருந்தார்.

நாளைக்குப் பெருநாள். அன்றைக்கு நோன்பு வைக்கக் கூடாது. போதாததற்கு, மகள் நஃபீசாவை நிச்சயம் செய்திருக்கும் சம்பந்தி வீட்டார் கருமத்தம்பட்டியிலிருந்து முதல் விருந்துக்கு வருகிறார்கள். பெண்ணைப் பெற்றவன் சம்பந்தியோடு ஒரே பாயில் உட்கார்ந்து சாப்பிட்டே ஆக வேண்டும்.

வழியெல்லாம் யோசித்துக்கொண்டே வீட்டுக்கு வந்தார். ரெண்டு பிடி சோறு, கொஞ்சம் மோர். பல்லைக் கடித்துக்கொண்டு எப்படியாவது உட்கார்ந்துவிடலாம். மகளுக்காக ஒரு தகப்பன் இதுகூடச் செய்ய மாட்டானா? நினைக்க நினைக்கத் தெம்பு வந்தது.

மனைவி உம்மல் குல்சும் வெங்காயம் அரிந்துகொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்க்கவில்லை.

"ஏனுங்க, கோவிச்சுக்காதீங்க. பாலக்காட்ல ஒரு மவுத்து, அடக்கத்துக்கு நீங்க கெளம்பிப் போயிட்டீங்கன்னு சம்பந்தி ஊட்டுக்குப் போன் பண்ணிச் சொல்லிப்போட்டேனுங்க. நாளைக்கு அவங்க போற வரைக்கும் உள்ரூம்லயே இருந்துக்குங்க."

ரசாக் தலையாட்டினார்.

அரிந்த வெங்காயத்தைத் தட்டில் தள்ளிக்கொண்டே கேட்டாள். "உங்களுக்கு மட்டும் தனியாக் கஞ்சி வெக்கட்டுங்களா?"

"எதுக்கு அம்மணி? நாந்தான் ஊர்லயே இல்லையே."