ஓட்டைச் சட்டி ஓட்டம்

"மாமா, இருமுங்க! ஐயா வாசப்படி ஏறிட்டாரு!"

கலாராணி பின்கதவு வழியே கிசுகிசுத்ததும், கிழிந்த பாயில் கம்பளிக்குள் கிடந்த மாரிசாமி லொக்கு லொக்கென்று இருமித் தள்ளினார்.

லுணுகலைக்கு மேலே இருந்த அந்தத் தேயிலைத் தோட்டத்தில் தொண்ணூற்றெட்டாம் ஆண்டு வாரத்துக்கு மூன்று நாள்தான் வேலை. மிச்ச நாளில் வயிறு லீவு எடுக்குமா? அதனால் ஒற்றையறை வீடுகள் வரிசையாக நின்ற லயத்தின் ஆறு காம்பராக்காரர்களும் அரசாங்கத்தின் சமுர்த்தி நிவாரண முத்திரைக்கு எழுதிப் போட்டிருந்தார்கள். வீட்டில் உருப்படியாக ஏதாவது இருந்தால் பெயரை வெட்டிவிடுவார்களாம். முதல் காம்பரா பெரியாயி எங்கேயோ கேட்டு வந்து சொன்னது.

வீடு பார்க்கச் சமுர்த்தி ஆபீசர் ஐயா வருகிறார் என்றதும் ரேடியோ, கோழிக்கூடு எல்லாம் தேயிலைக்குள் போய் ஒளிந்துகொண்டன. துணி வாங்க வழியில்லாமல் ஆறு மாதமாகச் சும்மா கிடந்த தன் தையல் மெஷினைக் கலாராணி பின்வாசல் விறகுக் குவியலுக்குள் புதைத்தாள். புதைக்கும்போது அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

ஆனால் வறுமையைக் காட்ட ஓட்டைச் சட்டி லயத்துக்கே ஒன்றுதான் அகப்பட்டது. கிழிந்த பாயும் ஒன்று. நம்பும்படி இருமத் தெரிந்தவரும் மாரிசாமி ஒருவர்தான். ஐயா முன்வாசலால் அடுத்த காம்பராவுக்கு வருவதற்குள், மூன்றும் பின்வாசலால் அங்கே போய்விட வேண்டும்.

முதல் காம்பராவில் ஆபீசர் சிவசுப்பிரமணியம் ஐயா கோப்பைத் திறந்தார். "பிள்ளை, நான் வந்தது..."

"தெரியுங்க ஐயா," பெரியாயி மூக்கைச் சிந்தினாள். "எங்ககிட்ட ஒன்னுமே இல்லீங்க. சட்டிகூட ஓட்டை, பாருங்க."

"கைத்தொழில் ஏதும்..."

"ஐயோ, ஒரு தொழிலும் தெரியாதுங்க!"

ஐயா எழுதிக்கொண்டார். அடுத்த காம்பராக்களிலும் அவரை யாரும் வாய் திறக்க விடவில்லை.

நாலாவது காம்பராவுக்கு வருவதற்குள் மாரிசாமிக்கு நிஜமாகவே மூச்சு வாங்கியது. "ஏம்மா, நோயாளிய இப்பிடியா ஓட வப்பே?"

"பேசாம படுங்க மாமா. அஞ்சாவதுல இன்னும் கொஞ்சம் கூட்டி இருமுங்க."

ஆறாவது, கலாராணியின் சொந்தக் காம்பரா. சட்டியை அடுப்பில் ஏற்றி, மாமாவைப் படுக்க வைத்து, முகத்தைச் சோகமாக்கிக்கொண்டு நின்றாள்.

"தைக்கத் தெரியாது, கோழி வளக்கத் தெரியாது. ஒன்னுக்கும் ஒதவாத சென்மங்க ஐயா நாங்க."

ஐயா கோப்பை மூடினார். "வடிவா விளங்குது பிள்ளை. ஆறு வீட்டுக்கும் ஒரு சட்டி, ஒரு பாய், ஒரு இருமல்."

இருமல் சட்டென்று நின்றது.

"அது கிடக்கட்டும். உங்களுக்கு முத்திரை போன கிழமையே சரிவந்திட்டுது. நான் வந்தது சுயதொழில் கடனுக்கு. ஆடோ கோழியோ, ஒரு தையல் மெஷினோ வச்சிருக்கிற ஆக்களுக்குத்தான் குடுக்கலாம். இஞ்ச ஒருத்தரிட்டையும் ஒண்டும் இல்லையே!"

கலாராணி ஒரு நொடிதான் முழித்தாள்.

"ஐயா, ஒரு வாய் தேத்தண்ணி குடிச்சிட்டு, மறுபடி மொத காம்பராவுலேருந்து பாருங்களேன்!"

அவள் சொல்லி முடிப்பதற்குள் பின்வாசலில் விறகு சரிந்தது. தையல் மெஷினைத் தோளில் தூக்கிக்கொண்டு முதல் காம்பராவை நோக்கிப் பறந்தார், இவ்வளவு நேரமும் சாகக் கிடந்த மாரிசாமி.