துண்டுக்கு அடியில்

அவனால் உட்கார முடியவில்லை.

பயிற்சியாளர் மறுபடியும் நாற்காலியை அவன் பக்கம் தள்ளினார். அவன் ஜன்னல் வரை போய்த் திரும்பினான். கீழே வளசரவாக்கத்தின் மத்தியான வெயில். யாரோ ஆட்டோக்காரரிடம் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"இன்னொருக்கா அந்த வசனத்தைச் சொல்லுங்."

சொன்னான்.

"சித்த இருங், வந்தர்றனுங்."

மாட்டு வியாபாரி வேடம். கொங்கு நாட்டுக் கதை. கூட்டத்தில் ஒருவனாக, வாயில் காவலனாக, ஒருமுறை பிணமாக நடித்த பிறகு, முதல்முறையாகப் பெயர் வைத்த ஒரு பாத்திரம். இரண்டு நாள் கழித்துத் தேர்வு. பேச்சு பிசகினால் ஊர்க்காரன் ஒருவனையே போட்டுக்கொள்வதாக இயக்குநர் சொல்லியிருந்தார்.

சென்னியப்பன் காதைத் தேய்த்துக்கொண்டார். காங்கேயத்துக்காரர். நடிகர்களுக்குத் தன் ஊர்ப் பேச்சைப் பழக்கிவிடுவது அவர் தொழில்.

"பேச்சு சுத்தமா இருக்குதுங். மெட்ராஸ்காரர்னு ஒருத்தரும் சொல்ல முடியாது. ஆனா இது ஊட்டுக்குள்ள பொம்பளைங்க பேசற பேச்சு. கடைசியில வாலு மேல போகுது பாருங். சந்தையில நின்னு இப்படிப் பேசுனா மாடே சிரிக்கும்."

அவனும் சிரித்தான். சிரிப்பு முகத்திலேயே மாட்டிக்கொண்டது.

"யாருகிட்டப் பழகுனீங்?"

"ஊட்ல."

"அதானே பாத்தேன். ஊட்டுக்காரம்மாகூட ரெண்டு நாளைக்குப் பேச்சே வெச்சுக்காதீங்."

"சரிங்" என்றான்.

ஜன்னலுக்குப் போனான். ஆட்டோ போய்விட்டிருந்தது.

அவன் மனைவி கோபிக்காரி. கேலி செய்யத்தான் முதலில் அவளைப்போலப் பேசினான். அவள் தலையணையை எறிவாள். எறிந்துவிட்டுத் திருத்துவாள்.

பால் பொங்கும்போது, செருப்பு மாட்டும்போது, மூடிய கதவுக்கு அந்தப் பக்கமிருந்து. சித்த இருங், வந்தர்றனுங். கடைசி எழுத்து சற்றே தலை தூக்கி அவனைப் பார்க்கும்.

கடைசியாக ஸ்ட்ரெச்சரில் படுத்தபடி சொன்னாள்.

ஆபரேஷன் தியேட்டர் கதவு மூடியது. அவள் வரவில்லை.

கோபியில் மாமியார் தனியாக இருந்தார். தினமும் அவன் மனைவியின் பேச்சிலேயே கூப்பிடுவான். அவர் பெயர் பார்த்து போனை எடுப்பவர் இல்லை. குரல்தான். "ஏனுங் அத்தை" என்றதுமே அவன்தான் என்று தெரிந்துவிடும். ஒருநாள் வாய் தவறி, "சொல்லு கண்ணு" என்றார். மகளுக்கு மட்டும் வைத்திருந்த சொல்.



மறுநாளும் அப்படியே சொன்னார்.

சென்னியப்பன் தோளிலிருந்த துண்டை எடுத்தார்.

"கையைக் குடுங்."

துண்டு இருவர் கைகளையும் மூடியது. மாட்டுச் சந்தையில் விலையை வாயால் சொல்வதில்லை. துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்துச் சொல்வார்கள். அவர் அவனுடைய சுட்டுவிரலைப் பிடித்துக்கொண்டார்.

"வாலு தூக்குனா அமுக்குவேன். சொல்லுங்."

சொன்னான். அமுக்கினார்.

சொன்னான். அமுக்கினார்.

துண்டு இருந்ததால் அவனால் எழுந்து நடக்க முடியவில்லை. கால் தரையைத் தட்டிக்கொண்டே இருந்தது. விரல் வீங்கியது. வெயில் சுவரில் ஏறி, வெளுத்து, காணாமல் போன நேரத்தில் கடைசி எழுத்து கீழே விழுந்தது. மூட்டையை இறக்கி வைத்ததுபோல்.

அவர் விரலை விட்டார்.

"இப்ப மாடு வாங்கலாமுங்."

அன்று அவன் கோபிக்குப் பேசவில்லை. மறுநாள் அங்கிருந்தே அழைப்பு வந்தது. அடித்து ஓயும் வரை கூடத்துக்கும் சமையலறைக்குமாக நடந்தான்.

தேர்வு நாளில் அவனை கேமராவுக்கு முன் நிறுத்தினார்கள். வசனத்தைச் சொன்னான். மானிட்டரைப் பார்த்துக்கொண்டிருந்த இயக்குநர் தலையைத் திருப்பினார்.

"எந்த ஊர் நீங்க?"

"கோபிங்."

"அதான. ஊர்க்காரன் ஊர்க்காரன்தான்யா."

வேடம் அவனுக்கு என்று அங்கேயே சொல்லிவிட்டார்கள். உடைக்கு அளவு எடுக்க வேண்டும், வெளியே இருங்கள் என்றார்கள்.

நீண்ட நடைவழி. இந்த முனையிலிருந்து அந்த முனைக்குப் போனான். போனை எடுத்தான். இதை முதலில் சொல்ல வேண்டிய ஆள் இல்லை. இரண்டாவது ஆளை அழைத்தான்.

"ஏனுங் அத்தை."

 

"யாருங் பேசறது?"

போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தான். மறுபடி வைத்தான்.

"நாந்தானுங்."

"நாந்தான்னா? எந்த ஊருங்?"

திரும்பி நடந்தான். வாலைத் தூக்கிப் பார்த்தான். ஏனுங் அத்தை. விழுந்தது. இன்னொரு முறை. விழுந்தது. துண்டு இல்லை. ஆனாலும் யாரோ விரலை அமுக்கினார்கள்.

அவன் வேகமாக நடந்தான். மாமியார் காத்திருந்தார். அவர் மூச்சு கேட்டது. பேர் சொன்னால் போதும். சொன்னால் மாப்பிள்ளை என்று தெரிந்துவிடும். அவ்வளவுதான் தெரியும்.

கதவு திறந்தது. கழுத்தில் அளவு நாடாவோடு ஒரு பெண்.

"சார், உள்ள வாங்க."

அவன் அவளைப் பார்க்கவில்லை. போனைப் பொத்தவும் இல்லை.

"சித்த இருங், வந்தர்றனுங்."

கடைசி எழுத்து தலை தூக்கியிருந்தது. அந்தப் பெண் சட்டென்று உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினாள்.

போனில்,

"கண்ணு?"

அவன் நின்றான்.