தொட்டிச் சுவரைப் பிடித்தவன்

மூன்று முறை முக்கியும் வீராசாமியின் தலை நனையவில்லை.

திருப்புலிவனம் தாண்டி, மோகனின் கழனி. பம்புசெட் தொட்டி. மார்பளவு தண்ணீர். சுற்றிலும் சபையார் முப்பது பேர். ஞானஸ்நானம். உள்ளே வெள்ளை வேட்டியில் வீராசாமி, வயது அறுபத்திரண்டு. அவனை மல்லாக்கச் சாய்த்து முழுக்கி எடுக்க வேண்டியவர் பாஸ்டர் வினோத்குமார். ஆள் அவனில் பாதி.

“ஐயா, உடம்பை என் கையில விடுங்க. அவ்ளோதான்.”

“வுட்டுட்டு தான் கீறேன்.”

“சுவத்தைப் பிடிச்சிக்கினே விட்டுட்டேன்றீங்களே!”

வீராசாமி திரும்பிப் பார்த்தான். வலது கை தொட்டிச் சுவரை இறுக்கிக்கொண்டிருந்தது. யார் கையோ மாதிரி அதை எடுத்து உள்ளே போட்டான்.

பாஸ்டர் சாய்த்தார். பாதி தூரம் போனான். கை மறுபடி சுவருக்குப் போய்விட்டது. பாஸ்டர்தான் வழுக்கி ஒரு வாய் தண்ணீர் குடித்தார்.

நாலு.

மோகன் சபைக்காரன் இல்லை. கேட்டார்கள், தொட்டியைக் கொடுத்தான். அவனுக்கு அவன் அவசரம்.

“மாமா, பன்னண்டு மணிக்கு கரண்ட் பூடும். நான் நாத்தங்காலுக்கு தண்ணி வுடணும். என் எருமை கூட ஒரு அதட்டுல எறங்கிடும் மாமா.”

சிரித்தார்கள். பாக்கியமேரி சிரிக்கவில்லை. சபையில் மூத்தவள். வாயும் பெரிசு.

“எப்டி எறங்குவான்? இருபது வருசமா இவன் பொண்டாட்டி கனகா சபைக்கு வருது. இவன் தடுத்து தானே அது இன்னும் ஞானஸ்நானம் எடுக்கல? வணங்காக் கழுத்து. இன்னிக்கு மட்டும் வணங்கிடுமா?”

யாரும் மறுக்கவில்லை. ஊரறிந்த சங்கதி. கனகாவுக்காக ஜெபிக்கும்போதெல்லாம், “அவ புருஷனோட கல்லான மனசை உடையும் ஆண்டவரே” என்று பாஸ்டரே ஒரு வரி சேர்த்துக்கொள்வார். மைக்கில்தான்.

கனகா வெள்ளைச் சேலையில் தொட்டியோரம் நின்றாள். இன்று அவளுக்கும் ஞானஸ்நானம். அவனுக்கு அடுத்து. குடும்பத் தலைவர் முதலில் என்று பாஸ்டர் சொல்லியிருந்தார்.

பாஸ்டர் குரலைத் தாழ்த்தினார். “ஐயா, மனசுல ஏதாவது இருந்தா இன்னொரு நாள் வெச்சிக்கலாம்.”

“இன்னொரு நாள் வர மாட்டேன். இத்தினி பேரு எதிர்ல ஒரு தபா நின்னதே பெரிசு.”

கனகா சேலை நுனியைக் கசக்கினாள்.

“அப்போ என்னதான் பண்றது?”

வீராசாமி தண்ணீரைப் பார்த்துக்கொண்டு சொன்னான். “அவ மொதல்ல முழுவட்டும்.”

“பாத்தியா!” பாக்கியமேரி கை தட்டினாள். “பொண்டாட்டிய எறக்கி ஆழம் பாக்கறான்!”

“நான் மாட்டேன்,” என்றாள் கனகா. “நீ மொதல்ல.”

“பதினோரு வருசமா இதே பாட்டு!” வீராசாமி கத்தினான்.

“என்ன பதினோரு வருஷம்?” என்றார் பாஸ்டர்.

வீராசாமி வாயை மூடிக்கொண்டான். ஆனால் அது ஏற்கெனவே திறந்துவிட்ட வாய்.

“பதினோரு வருசம் முன்னாடியே ‘போய் முழுவிட்டு வாடி’ன்னேன் பாஸ்டரே. போவல. ‘உன்ன கரையில வுட்டுட்டு நான் மட்டும் எங்க போறது? நீ வர்ற அன்னிக்கு தான்’னுட்டா. வருசா வருசம் சொல்லிப் பாத்துட்டேன்.”

“எங்க கிட்ட சொல்லியிருக்கலாமே! நாங்க உங்களைத்தான்…”

“சொல்லிட்டா? தோ, இந்த அக்கா அவள தொணதொணத்தே கொன்னுடும். என்னைத் திட்டனா நான் தாங்குவேன்.”

பாக்கியமேரி முந்தானையைச் சரிசெய்துகொண்டாள். சரியாகத்தான் இருந்தது.

“இருபது வருசமா இயேசு பின்னாடி நடந்தவ அவ. நான் போன ஆடியில வந்தவன். நான் முன்னாடி, அவ எனக்குப் பின்னாடியா? நீங்க சொன்னதுக்கு வாய் சரின்னுச்சு. கை கேக்கல. நான் இன்னா பண்றது?”

செல்போனில் படம் பிடித்துக்கொண்டிருந்தவர்கள் கையை இறக்கினார்கள். மோகன் மணியை மறந்திருந்தான்.

“பேஜாரு புடிச்ச மனுசன்,” என்றாள் கனகா. கண்ணைத் துடைத்துக்கொண்டு தொட்டியில் இறங்கினாள்.

பாஸ்டர் ஒதுங்கினார்.

சுவரிலிருந்து அவன் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாள். அந்தக் கையைத் தூக்கித் தன் தோளில் போட்டுக்கொண்டாள். அவன் பிடரியில் உள்ளங்கையை வைத்தாள்.

“நானும் கூட தான் வரேன். சாய்.”

சாய்ந்தான். முழுசாக. தோளை மட்டும் விடவில்லை. அவளும் சேர்ந்து போனாள்.

“பிதா, குமாரன், பரிசுத்த ஆவியின் நாமத்தில்…” பாஸ்டர் ஓட்டமாகச் சொல்லி முடித்தார். இரண்டு தலைகளும் ஒன்றாக மேலே வந்தன. யார் முன்னாடி என்று கேட்டால் முப்பது பேரில் ஒருவருக்கும் தெரியாது.

ஈரம் சொட்டச் சொட்ட, சபை நோட்டைப் பிரித்தார் பாஸ்டர். ‘ஞானஸ்நானம் பெற்றவர்’ என்ற இடத்தில் வீராசாமி. ‘கொடுத்தவர்’ என்ற இடத்தில் பழக்கத்தில் தன் பெயரை எழுதினார். பிறகு அதைக் கோடு போட்டு அடித்தார்.

பாக்கியமேரி எட்டிப் பார்த்தாள். “இன்னா பாஸ்டர், அப்டி எல்லாம் அடிக்கலாமா?”

“கல்மனசுன்னு, இங்க வந்த நாலு வருஷமா மைக்குல பொய் சொல்லிட்டேன்மா. நோட்டுலயாவது உண்மையை எழுதறேன்.”

எழுதினார்: கனகா.