யோக் மோயின் சம்மதம்

மீண்டும் சிவப்பு.

அவள் மூச்சில் புகையைக் காட்டும் ஊதுகருவியைத் துடைத்தாள். புதிய குழாயைச் செருகி நீட்டினாள். கிழவர் கண்களை இறுக மூடிக்கொண்டு, பிள்ளைகள் பலூன் ஊதுவதைப் போல ஊதினார்.

சிவப்பு.

"இந்த மெஷின் கெட்டுப் போச்சு, மிஸி."

"மெஷின் பொய் சொல்லாது, தவுக்கே."

"அப்ப நான் சொல்றேனா?"

அவள் குழாயைக் கழற்றினாள். பதில் கூறினால் குரல் உயரும். மிஸி என்று அழைக்கப்படும் தாதியரின் குரல் உயரக் கூடாது என்பது விதி.

விதிகளுக்குக் குறைவில்லை. புகைப்பதை நிறுத்த உதவும் நடமாடும் மருத்துவ வண்டி ஓர் ஊருக்கு இத்தனை முறைதான் வரலாம் என்பதும் ஒரு விதி. பீடோரை அடுத்த இந்தச் சீனர் குடியிருப்பான கம்பத்துக்கு இன்றே கடைசி. குளிரூட்டிய அறையில் அமர்ந்து அதை வகுத்தவர்கள் தவுக்கே வோங்கின் கால்விரலைப் பார்த்ததில்லை.

விரல் கறுத்திருந்தது.

திங்கட்கிழமை அறுவைச் சிகிச்சை. இரத்தக் குழாயைச் சீர்செய்தால் கால் பிழைக்கும். மூச்சில் புகை இருந்தால் தொட மாட்டேன் என்று மருத்துவர் இருமுறை திருப்பி அனுப்பிவிட்டார். இம்முறையும் திருப்பினால், அடுத்து எடுக்கப்படும் கத்தி வேறு. அது முழங்காலுக்குக் கீழே இறங்கும்.

இதையெல்லாம் அவள் அவரிடம் தமிழிலேயே கூறியிருக்கிறாள். தமிழர்கள் வேலைசெய்த தோட்டத்து வாசலில் நாற்பதாண்டு மளிகைக்கடை நடத்தி, முதலாளி என்னும் பொருளில் 'தவுக்கே' ஆனவர். வாடிக்கையாளர்களின் சண்டைகளைக் கேட்டே தமிழ் கற்றவர். புரியவில்லை என்று அவர் தப்பிக்க முடியாது.

நடக்க இயலாததால் இன்று அவர் வண்டிக்கு வரவில்லை. அவளே வீட்டுக்குள் வந்திருந்தாள்.

அப்போதுதான் அந்த வாசனை.

திரும்பிப் பார்த்தாள். சிவப்பு விளக்கின் கீழே, மாடத்தில், ஒரு பெண்ணின் படம். படத்தின் முன் சாம்பல் நிறைந்த கிண்ணம். அதில் ஊதுவத்திகளுக்கு நடுவே சிகரெட்டுகள் செங்குத்தாக நின்றன. ஒன்று இன்னும் புகைந்துகொண்டிருந்தது.

"தவுக்கே!"

"அது என்னோடது இல்ல லா. அவளோடது."

"பத்த வச்சது யாரு?"

"நான்தான்."

"இழுத்தது?"

"இழுத்தது நான். குடிச்சது அவ."

அவர் சிரிக்கவில்லை. அவர் பொய் சொல்லவில்லை என்பதே அவளை மேலும் எரிச்சலூட்டியது.

போன ஆண்டு இறந்துபோன மனைவி, யோக் மோய். இளமையில் ஈயக் குட்டையில் இடுப்பளவு நீரில் நின்று, தட்டில் மணல் அரித்து ஈயம் எடுத்தவர். நாளுக்கு ஒரு பாக்கெட். உயிரோடிருந்தபோது உண்டதைத்தானே படைக்க வேண்டும்?

"பத்த வைக்காம வையுங்களேன்."

"அவ கை ரெண்டும் தட்டுல. ஈரக் கை, மிஸி. அப்பல்லாம் நான்தான் பத்த வச்சு அவ வாயில வைப்பேன்."

"நெருப்புல காட்டி வைக்கலாமே."

"வாய் வச்சாத்தான் புடிக்கும்."

நாளுக்கு ஒரு பாக்கெட். ஒவ்வொன்றும் பற்றிக்கொள்ளும்வரை இழுப்பு. அவள் இத்தனை வாரங்களாக அறிவுரை கூறியது தவறான ஆளுக்கு.

வெளியே வண்டியோட்டி ஒலிப்பானை அழுத்தினார்.

அவள் நாற்காலியை மாடத்தின் பக்கம் திருப்பிப் போட்டு அமர்ந்தாள்.

"அக்கா, இவரு காலை வெட்டப் போறாங்க. கொஞ்ச நாளைக்கு நிறுத்துங்க. சொல்லுங்க தவுக்கே, உங்க மொழியில சொல்லுங்க."

தவுக்கே அவளையே பார்த்தார். பிறகு ஹக்கா மொழியில், காது கேளாதவரிடம் பேசுவதைப் போல உரக்கச் சொன்னார். மாடத்திலிருந்து பிறை வடிவான இரண்டு மரக்கட்டைகளை எடுத்தார். ஒரு பக்கம் தட்டை, மறுபக்கம் வளைவு. ஒன்றில் தட்டையும் மற்றதில் வளைவும் மேலே தெரிய விழுந்தால் சம்மதம். மூன்று முறைதான் கேட்கலாம்.

வீசினார். இரண்டும் தட்டை.

"சிரிக்கிறா."

மீண்டும் வீசினார். இரண்டும் வளைவு.

"முடியாதுங்கிறா. பிடிவாதக்காரி."

அவள் வீட்டிலும் பூக்கட்டிப் பார்ப்பார்கள். விழுந்த பூவை மாற்றிச் சொன்னவர் அந்த வீட்டில் எவருமில்லை.

மூன்றாம் முறை வேகமாக வீசினார். ஒரு கட்டை காலடியில் விழுந்தது. வளைவு. மற்றது சிமெண்டுத் தரையில் வழுக்கி மாடத்துக்கு அடியில் போயிற்று.

அவரால் குனிய முடியாது.

அவள் மண்டியிட்டாள். சீருடை தூசியில் படிய, கைப்பேசி விளக்கை உள்ளே செலுத்தினாள்.

வளைவு.

"என்ன சொல்றா?"

விளக்கை அணைத்தாள். எழுந்து முழங்காலைத் தட்டிக்கொண்டாள். நாற்காலியில் கிடந்த ஊதுகருவியை எடுத்துப் பைக்குள் போட்டாள்.

"சரிங்கறாங்க, தவுக்கே."

அவர் படத்தைப் பார்த்தார்.

"இவ்வளவு சீக்கிரம் அவ எதுக்கும் ஒத்துக்கிட்டதே இல்லையே."

வண்டி மீண்டும் ஒலித்தது.

தவுக்கே சட்டைப்பையிலிருந்த பாக்கெட்டை எடுத்தார். தீப்பெட்டியையும் எடுத்தார். இரண்டையும் அவள் கையில் வைத்தார்.

கட்டையை எடுத்துக் கொடுப்பதற்காக அவள் மறுபடியும் குனிந்தாள்.

"வேணாம், மிஸி" என்றார். "அது அங்கேயே கெடக்கட்டும்."