செவ்வாய்க்கு நூற்று மூன்று

செவ்வாய்க் கிரகத்தின் மேல் உட்கார்ந்தது நான்தான். பள்ளிக் கண்காட்சிக்காக என் மகள் சோனியா நான்கு பாறைக் கோள்களைக் களிமண்ணில் செய்து பெஞ்சில் காயவைத்திருந்தாள். தேர்வாய் கண்டிகை கம்பெனியில் ஷிப்ட் முடித்து வந்த அலுப்பில் நான் பார்க்கவில்லை. பூமி உட்பட மற்ற மூன்றும் தப்பின.

"இன்னாப்பா நீ, ஒரு கிரகத்தையே காலி பண்ட்டியே!"

அதே மண்ணைப் பிசைந்து உருட்டிக் கொடுத்தேன். மறுநாள் தொட்டால் சுட்டது. மற்றவை சில்லென்றிருந்தன.

"செவ்வாய் பூமிய விடச் சின்னதுப்பா. சின்னது சீக்கிரம் ஆறிடணும்" என்றாள் சோனியா.

காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டரை வைத்தேன். நூற்று மூன்று. மூன்று நாளும் நூற்று மூன்றுதான். போன நவம்பரில் என் மனைவி கிரேஸுக்கும் அவ்வளவுதான் இருந்தது. மாத்திரை கொடுத்துவிட்டு ஓவர்டைம் போனேன். டெங்கு என்று தெரிந்த அன்றே போய்விட்டாள்.

இந்தத் தடவை லீவு போட்டேன். உடம்பு யாருக்குச் சரியில்லை என்று சூப்பர்வைசர் கேட்கவில்லை, நல்லவேளை. ஈரத்துணியால் செவ்வாயைத் துடைத்தேன். கிரகத்துக்கு நெற்றி எந்தப் பக்கம் என்று தெரியாததால் முழுவதும் துடைத்தேன்.

சோனியா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"அன்னிக்கு நான் லீவு போட்டிருந்தா உங்கம்மா பொழச்சிருப்பாளாம்மா?"

இதையே முன்பு டாக்டரிடம் கேட்டபோது உறுதியாகச் சொல்ல முடியாது என்றார். பாஸ்டர் கர்த்தரின் சித்தம் என்றார்.

சோனியா துணியை வாங்கி நனைத்து, பிழிந்து, என் கையில் திருப்பிக் கொடுத்தாள்.

"அம்மா பொழச்சிருக்கும்பா."