வெள்ளிக்கிழமைக் கவர்

"கவர் கை மாறுச்சுடா தம்பி. என் ரெண்டு கண்ணாலயும் பார்த்தேன்," என்றாள் பால்கனி அக்கா.

அந்தப் பெயரை அவளுக்கு வைத்தது தெரு. மூன்றாவது மாடியில் துணி காயப்போடுகிற சாக்கில் அவள் நின்றாள் என்றால், எதிர்க் கட்டடத்துத் தையல் கம்பெனியில் ஊசி முறிந்தால்கூட செய்தி தெருமுனைக்குப் போய்விடும். அவளுடைய தம்பிக்காரர்தான் அந்த வட்டாரக் கிறிஸ்தவ சபையின் செயலாளர். அக்கா சொல்வதில் பாதியைத்தான் நம்புவார். எந்தப் பாதியை என்பதில்தான் அவருக்கு எப்போதும் குழப்பம்.

"கவர்ல பணம்தான் இருந்துச்சுன்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"ஜெப விண்ணப்பத்தை யாராவது கதவைச் சாத்திட்டுக் குடுப்பாங்களா? கம்பெனி கண்ணாடி ரூம்ல அந்த முதலாளியம்மா ஒரு பக்கம், இவர் ஒரு பக்கம், நடுவுல கவர். அதுக்குள்ள அந்தம்மா திரையை இழுத்து விட்டுட்டா. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் இதே கூத்துதான்."

'இவர்' என்பது கணக்கு வாத்தியார். வெள்ளிக்கிழமை பிற்பகலில் சபையின் பெயரால் அந்தத் தையல் பெண்களுக்கு வேதபாடம் நடத்துகிறவர். மற்ற நாட்களில் வீட்டில் டியூஷன். டியூஷன் பணம் கொஞ்சம் தாமதமானாலும் பெற்றோர் வீட்டு வாசலில் போய் நிற்பார். சொந்த அண்ணன் மகனிடமே ரசீது கொடுத்துக் கட்டணம் வாங்கிய மனுஷன். அப்படிப்பட்டவர் வேதபாடத்தை மட்டும் சும்மா நடத்துகிறார் என்றால் யார் காதில் பூ சுற்றுவது?

கம்பெனி முதலாளியம்மாவும் லேசுப்பட்டவள் இல்லை. ஒருத்தி தண்ணீர் குடிக்க எழுந்தாலே கடிகாரத்தைப் பார்க்கிறவள். அவள் ஒரு மணி நேரம் எல்லா மெஷினையும் நிறுத்தி வகுப்புக்கு விடுகிறாள் என்றால் ஏதோ வரும்படி இல்லாமலா? பெண்களின் கூலியில் பிடித்து, வாத்தியாரும் அவளும் பங்கு போட்டுக்கொள்கிறார்கள் என்று அக்கா கணக்குப் போட்டாள். காஜா போடுகிற பெண்ணை வழிமறித்து விசாரித்தும் பார்த்தாள். "நாங்க எதுக்குக்கா காசு குடுக்கணும்?" என்று அவள் சிரித்தாள். பாவம், பிடிப்பதே தெரியவில்லை என்று அக்கா அதையும் தன் கணக்கில் சேர்த்துக்கொண்டாள்.

தம்பிக்காரருக்கு முகம் இறுகியது. வேத வசனத்துக்கு விலை வைக்கிறவர் சபையில் இருக்கக் கூடாது என்பதில் அவர் கறார்.

"நிஜம்னா வகுப்பை மூடிடுவேன். அவரையும் நிறுத்திடுவேன். ஆனா நேர்ல பார்க்காம வாய் திறக்க மாட்டேன்."

அந்த வெள்ளிக்கிழமையே இருவரும் கம்பெனிப் படி ஏறினார்கள். தலையணைக்கு அடைக்க வெட்டுத்துணி வேண்டும் என்று வாசலில் சொல்லிவிட்டு, உள்ளே அடுக்கியிருந்த துணி மூட்டைகளுக்குப் பின்னால் பதுங்கினார்கள்.

மெஷின்கள் ஓய்ந்திருந்தன. பெண்கள் ஸ்டூலோடு திரும்பி உட்கார்ந்திருந்தார்கள். தீராத நோய்க்காரி ஒருத்தி கூட்டத்துக்குள் புகுந்து, இயேசுவின் ஆடை ஓரத்தைத் தொட்டுச் சுகமான கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார் வாத்தியார்.

"ஏம்மா ஓரத்தைத் தொட்டா? கையைப் பிடிச்சிருக்கலாமே?" என்று கேட்டார்.

காஜா போடுகிற பெண் தயங்கித் தயங்கிச் சொன்னாள்: "ஓரம்தான் சார் முதல்ல அழுக்காகும். ஏற்கெனவே அழுக்கான இடத்தைத் தொட்டா யாரும் திட்ட மாட்டாங்கன்னு நினைச்சிருப்பா."

வாத்தியார் கையிலிருந்த வேதப் புத்தகத்தை மூடினார். "இத்தனை வருஷமா இந்தக் கதையைச் சொல்றேன். எனக்கு இது தோணலை. ஞாயித்துக்கிழமை சபையில சொல்லுவேன். யார் சொன்னதுன்னும் சொல்லுவேன்," என்றார்.

அந்தப் பெண் தலையைக் குனிந்துகொண்டாள். பக்கத்தில் இருந்தவள் அவளை முழங்கையால் இடித்தாள்.

மூட்டைக்குப் பின்னால் பால்கனி அக்கா மூக்கை உறிஞ்சினாள். பஞ்சுத் தூசி என்று தம்பியிடம் சமாளித்தாள். எத்தனையோ பேர் குட்டை உடைத்த கண்கள் அவை. இன்றைக்குத்தான் முதல் தடவையாக அவை தப்பாகப் பார்த்திருந்தால் தேவலை என்று அவளுக்கு இருந்தது. இந்த வகுப்பு நின்றுபோனால் இந்தப் பெண்களிடம் யார் வந்து இப்படிக் கேள்வி கேட்கப்போகிறார்கள்?

"போயிடலாம்டா," என்று தம்பியின் சட்டையை இழுத்தாள்.

"நீதானே கூட்டிட்டு வந்தே? இருந்து பார்த்துட்டே போவோம்," என்றார் அவர்.

வகுப்பு முடிந்தது. மெஷின்கள் மறுபடி இரைந்தன. வாத்தியார் கண்ணாடி அறைக்குள் நுழைந்தார். முதலாளியம்மா வழக்கம்போலத் திரையை இழுத்தாள். கதவு மட்டும் சரியாகச் சாத்தவில்லை. இருவரும் மூட்டை மறைவிலேயே கதவருகே நகர்ந்தார்கள். அந்த இடுக்கில் மேஜை தெரிந்தது. மேஜை மேல் கவர்.

அக்கா கண்ணை மூடிக்கொண்டாள். தம்பிக்காரர் கதவைத் தள்ளக் கையை நீட்டியபோது உள்ளேயிருந்து முதலாளியம்மாவின் குரல் கேட்டது.

"நேத்து ரெண்டு பொண்ணுங்க புதுசா சேர்ந்திருக்காங்க சார். உங்க வகுப்புக்காக மெஷின் நிக்கிற நேரத்துக்கு அவங்க கூலியையும் நீங்கதான் குடுக்கணும், கவர்ல குறையுது."

கணக்கு வாத்தியார் சட்டைப் பையைத் துழாவி, இன்னும் இரண்டு நோட்டுகளை எடுத்து அவளிடம் நீட்டினார்.