பின்னால் கட்டிய கைகள்

“பேனர் வேண்டாம்யா. போன தடவை பேனரைப் பார்த்துட்டு ஒரு அம்மா, லினக்ஸ்னா மூட்டுவலிக்கான்னு கேட்டுட்டுப் போச்சு.”

ஜோஸ்பின் சொன்னதும் அவன் சிரித்தான். நூலகத்து மாடி அறையில் அந்தச் சிரிப்பு கொஞ்ச தூரம் போய், தனியாகத் திரும்பி வந்தது.

நாற்காலிகளை வட்டமாகப் போட்டிருந்தார்கள்.

ஊர்க்காரர்கள் பழைய மடிக்கணினிகளைக் கொண்டுவருவார்கள். குழுவினர் பக்கத்தில் நின்று லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தைப் போட உதவுவார்கள். அடுத்த மாதம் அந்த முகாம். இன்று அதற்கான கூட்டம். வாட்ஸ்அப்பில் அறிவித்தபோது குழுவே கட்டைவிரல் காட்டியது.

வந்தது இவர்கள் இருவர்தான்.

ஜோஸ்பினுக்கு ஓசூரில் வேலை கிடைத்துவிட்டது. முகாம் முடிந்ததும் கிளம்பிவிடுவாள்.

“நடத்தத்தான் வேணுமா?” என்றாள்.

அவன் சுவரைப் பார்த்தான். அங்கே ஓர் அட்டை, ஓரம் சுருண்டு தொங்கியது. மணிமொழியின் கையெழுத்து. குழுவின் ஒரே விதி.

உதவுகிறவர் கையைப் பின்னால் கட்டிக்கொள்ள வேண்டும். கணினிக்கு உரியவரே விசையை அழுத்த வேண்டும்.

நாம தொட்டா அது நம்ம கம்ப்யூட்டர் ஆயிரும், அவங்களோடது ஆகாது என்பாள் அவள். குழுவைத் தொடங்கியவள். அவனுக்குத்தான் கை நிற்காது. ஒருமுறை தன் துப்பட்டாவால் அவன் மணிக்கட்டுகளைச் சேர்த்துக் கட்டிவிட்டாள். மாலை வரை அவிழ்க்கவில்லை. அவனும் கேட்கவில்லை.

ஆடியில் காய்ச்சல் என்று படுத்தவள் எழவில்லை.

அவ்வளவுதான்.

படியில் செருப்புச் சத்தம். மெதுவாக, நின்று நின்று ஏறி வந்தது.

மணிமொழியின் அம்மா.

மார்போடு அணைத்திருந்த துணிப்பையை மேசையில் வைத்தார். உள்ளேயிருந்து மடிக்கணினியை எடுத்தார். மூடியில் மணிமொழி ஒட்டிய பென்குயின். ஒரு சிறகு உரிந்திருந்தது.

“முகாம்னாங்க. வந்தேன்.”

“அது அடுத்த மாசம்மா” என்றாள் ஜோஸ்பின்.

“அதுவரைக்கும் என்னால வச்சுக்கிட்டு இருக்க முடியாது தாயி.”

அம்மா அந்தச் சிறகை விரலால் அழுத்தி ஒட்டப் பார்த்தார்.

“கீழ்வீட்டுப் பிள்ளை காலேஜ்ல சேர்ந்திருக்கா. அவளுக்குக் குடுக்கிறேன்னு சொல்லிட்டேன். புதுசாப் போட்டுக் குடுங்க.”

அவன் கணினியைத் திறந்து வைத்தான். கறுப்புத் திரை கடவுச்சொல் கேட்டது. மணிமொழி வட்டு முழுவதையும் பூட்டியிருந்தாள். சொல் தெரியாமல் யாராலும் திறக்க முடியாது. அப்படித்தான் பூட்ட வேண்டும் என்று எல்லோருக்கும் சொல்லிக் கொடுத்ததும் அவள்தான்.

“எல்லாப் பேரும் அடிச்சுப் பார்த்துட்டேன் தம்பி” என்றார் அம்மா. “எம் பேர்கூட.”

அவன் தலை கவிழ்ந்தான். தன் பெயரை அடித்துப் பார்க்க விரல் துறுதுறுத்தது. அதுவும் இல்லை என்று தெரிந்துவிட்டால்?

அடிக்கவில்லை.

லினக்ஸ் இருந்த பென்டிரைவைச் செருகினான். கணினி உயிர்த்தது. மொழி கேட்டது. ஊர் கேட்டது. அவன் சொல்லச் சொல்ல அம்மா ஒவ்வொன்றாக அழுத்தினார். எழுத்துக் கூட்டிப் படிப்பவர்போல் ஒவ்வொரு விசையையும் தேடி, தொட்டு, அவன் முகத்தைப் பார்த்தார்.

பிறகு அந்தத் திரை வந்தது.

இந்த வட்டில் உள்ள அனைத்தும் அழிக்கப்படும். தொடரவா?

“இதுல அவ போட்டோ இருக்குமா?”

“இருக்கும்மா.”

“குரல்?”

“இருக்கலாம்.”

“எடுக்க முடியாது.”

அது கேள்வியாக இல்லை.

ஜோஸ்பின் எழுந்து ஜன்னலுக்குப் போனாள். கீழே பேருந்து ஒன்று காலியாகத் திரும்பிக்கொண்டிருந்தது.

அம்மாவின் விரல் எண்டர் விசைவரை போனது. அதன்மேல் நின்றது. வெந்நீரைத் தொட்டதுபோல் திரும்பியது.

மறுபடி போனது. மறுபடி திரும்பியது.

அவன் பின்னால் கை கட்டி நின்றான். எப்போது கட்டினான் என்று அவனுக்கே தெரியவில்லை. இடக்கை வலது மணிக்கட்டை இறுக்கியிருந்தது.

அம்மா அதைப் பார்த்தார். அட்டையையும் பார்த்தார்.

“சொல்லியிருக்கா. ஒங்க கையைத்தான் கட்டிப்போடணும்னு.” சிரிக்கப் பார்த்தார். வாய் கோணியது.

கணினியை அவன் பக்கம் மெல்லத் தள்ளினார்.

“இன்னைக்கு ஒருநா மட்டும், கையை அவுத்துட்டு, நீங்க அமுக்குங்க தம்பி.”